தண்ணியில் பெற்றோல் எடுத்த கதை: தராசு யார் கையில்?

1996 செப்டெம்பர். டெல்லியில் இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஏற்பாடு செய்த ஒரு செயல்விளக்கம். படித்த, பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் ஒரு பாத்திரத்தைச் சுற்றி நிற்கிறார்கள். பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கிறது. அதில் கொஞ்சம் இலையும் பட்டையும் போட்டுக் காய்ச்சி, கொஞ்சம் உப்பும் சிற்றிக் அமிலமும் சேர்த்து, ஒருவர் கோலால் கலக்குகிறார். சற்று நேரத்தில் தண்ணீருக்கு மேலே ஒரு திரவம் மிதக்கிறது. மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிறது. பற்ற வைத்தால் எரிகிறது.

கலக்கியவர் பெயர் ராமர் பிள்ளை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இடையன்குளம் என்ற ஊரைச் சேர்ந்தவர். பள்ளிப் படிப்பை முடிக்காதவர். மேற்குத் தொடர்ச்சி மலையில் தான் கண்டெடுத்த ஒரு மூலிகையால் தண்ணீரை எரிபொருளாக மாற்ற முடியும் என்றார். அன்று பார்த்தவர்களில் சிலர் நம்பினார்கள். உலகப் பத்திரிகைகள் வரைக்கும் செய்தி போனது. தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரபு நாட்டு எண்ணெய்க்கு முடிவு வந்துவிட்டது, அதை முடித்து வைப்பவன் ஒரு தமிழன் என்ற பெருமை பலருக்கும் இருந்தது.

இந்தக் கதை நம்மில் பலருக்கு ஒரு பகிடியாகத்தான் தெரியும். யாராவது நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால் "நீ என்ன மூலிகைப் பெற்றோலா விக்கிற?" என்று கேட்போம். ஆனால் சிரிச்சுட்டுப் போய்விட்டால் ஒரு முக்கியமான கேள்வியைத் தவறவிட்டுவிடுவோம். டெல்லியில் நின்றவர்கள் முட்டாள்கள் இல்லை. அப்படியிருந்தும் எப்படி ஏமாந்தார்கள்? அதைவிட முக்கியம், அவர்கள் இடத்தில் நாம் நின்றிருந்தால் எதைச் செய்திருக்க வேண்டும்?

அந்த வருஷம் நம்ம பக்கம்

அதே 1996இல் இலங்கையில் கடும் வரட்சி. அப்போது நம் நாட்டு மின்சாரத்தில் மிகப் பெரிய பங்கு நீர்மின்சாரம். காசல்ரீ, மவுசாக்கலை போன்ற நீர்த்தேக்கங்கள் வற்றினால் கொழும்பில் விளக்கு அணையும். அப்படித்தான் நடந்தது. நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்வெட்டு. மவுசாக்கலைத் தண்ணீர் இறங்கும்போதெல்லாம் அதற்குள் மூழ்கிப் போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் கட்டடங்களும் வெளியே தெரியும். மலையகத்து ஆட்களுக்கு அந்தக் காட்சி புதிசில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதிசய எரிபொருள் கதைகள் சும்மா இருக்கும் காலத்தில் பரவுவதில்லை. தட்டுப்பாடு வரும்போது பரவுகின்றன. 2022ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாய். ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். அதுவும் முழுப்பேர் விழுந்தால்தான். அதாவது ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்க்கு ஒரு நாள் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் ஒருவர் வந்து "தண்ணியிலயே அடுப்பு எரிக்கலாம்" என்று சொன்னால், காது கொடுப்பவரை மூடர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. தேவை பெரிதாக இருந்தால் நம்பிக்கையும் பெரிதாகும். ஏமாற்றுகிறவனுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கோலுக்குள் என்ன இருந்தது?

ராமர் பிள்ளை விஷயம் டெல்லியோடு முடியவில்லை. சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகளும் அவரது செயல்விளக்கத்தைப் பரிசோதித்தார்கள். இந்த முறை பார்வை மூலிகையின் மேல் மட்டும் இருக்கவில்லை, பாத்திரத்தின் மேலும் கலக்கும் கோலின் மேலும் விழுந்தது. பிறகு வெளியான விளக்கம் மிகச் சாதாரணமானது. கோல் உள்ளே குழாய் மாதிரி வெறுமையாக இருந்தது. அதற்குள் எரிபொருளை நிரப்பி, அடியை மெழுகால் அடைத்துவிட்டால், சூடான தண்ணீரில் கலக்கும்போது மெழுகு இளகி உள்ளே இருப்பது வெளியே வரும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது, தானாக மேலே மிதக்கும். பார்க்கிற எல்லாரும் இலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகும் கதை ஓடியது. 1999, 2000 காலத்தில் சென்னைப் பக்கம் கடைகள் வழியாக "மூலிகை எரிபொருள்" விற்பனை நடந்தது. மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்தது. விற்றது மூலிகையில் வந்ததல்ல, தொலுயீன், நாப்தா போன்ற பெற்றோலியப் பொருட்களின் கலவை என்பதே குற்றச்சாட்டு. 2016 ஒக்டோபரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம் அவருக்கும் வேறு சிலருக்கும் மூன்று வருடச் சிறைத் தண்டனை விதித்தது. தன் கண்டுபிடிப்பு உண்மையானது என்றே ராமர் பிள்ளை தொடர்ந்து சொல்லி வந்தார்.

நீதிமன்றம் ஆளை விசாரிக்கும். நமக்கு ஆள் அவ்வளவு முக்கியமில்லை, பாத்திரம்தான் முக்கியம். அவர் நல்லவரா கெட்டவரா என்று தெரியாமலேயே, கோலைத் தொடாமலேயே, 1996இல் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். அந்தக் கணக்கு மலையகத்தில் பிறந்த எவருக்கும் புரியும்.

கொழுந்துக் கணக்கு

தேயிலைத் தொழிற்சாலையில் ஒரு பழைய கணக்கு உண்டு. நூறு கிலோ பச்சைக் கொழுந்து உள்ளே போனால் இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோ தூள் வெளியே வரும். மிச்சமெல்லாம் தண்ணீர், வாட்டும்போதும் காய்ச்சும்போதும் போய்விடும். ஒரு மாசம் நூறு கிலோவுக்கு நாற்பது கிலோ தூள் வந்தது என்று கணக்கு எழுதினால் பெரிய துரை சந்தோஷப்பட மாட்டார். வெளியிலிருந்து தூள் வந்து கலந்திருக்கிறது, இல்லாவிட்டால் கணக்கில் களவு என்றுதான் நினைப்பார். மந்திரம் நடந்திருக்கு என்று யாரும் நினைப்பதில்லை.

இதே கணக்கை மூலிகைப் பெற்றோலுக்குப் போடுவோம். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஏறக்குறைய 800 கிராம் எடை. அதில் கிட்டத்தட்ட 85 வீதம் கரிமம், அதாவது 680 கிராம். மிச்சம் ஐதரசன். தண்ணீரில் ஐதரசன் இருக்கு, ஒட்சிசன் இருக்கு, ஆனால் கரிமம் கிடையாது. அப்படியென்றால் அந்த 680 கிராம் கரிமம் இலையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். காய்ந்த இலையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கரிமம் இருக்கும். அதாவது ஒரு துளி கரிமம்கூட வீணாகாமல் போனாலும் ஒன்றரைக் கிலோ காய்ந்த இலை வேண்டும். பச்சையாகச் சொன்னால் ஆறு, ஏழு கிலோ. ஒரு லீற்றருக்கு அரைக் கூடைக் கொழுந்து அளவு!

ஆனால் செயல்விளக்கத்தில் போட்டது ஒரு சிறு அளவு இலை. போட்டதை விடக் கூடுதலாக வெளியே வந்திருக்கிறது. அப்ப மிச்சம் எங்கிருந்து வந்தது? இந்த ஒரு கேள்வியோடு விளையாட்டு முடிந்திருக்கும். இதற்கு வேதியியல் பட்டமோ பெரிய ஆய்வுகூடமோ தேவையில்லை. முன்னும் பின்னும் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்க ஒரு தராசு போதும். இலை, தண்ணீர், பாத்திரம், உப்பு, கோல் எல்லாவற்றையும். குறிப்பாகக் கோலை. கலக்குவதற்கு முன் இருந்த எடையும் கலக்கிய பின் இருந்த எடையும் வேறு என்றால், மூலிகை எங்கே இருந்தது என்று தெரிந்துவிடும்.

கோவூர் முன்பே கேட்டது

இந்தக் கேள்வியை 1996க்கு முன்பே ஒருவர் நம் நாட்டிலிருந்து கேட்டிருந்தார். ஆபிரகாம் கோவூர், 1898இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்தவர். தாவரவியல் ஆசிரியர். இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பிறகு தெற்கிலும் படிப்பித்தவர். ஓய்வுபெற்ற பின் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்தார். 1963இல் ஒரு சவாலை அறிவித்தார்: மோசடி செய்ய முடியாத நிபந்தனைகளின் கீழ் ஒரு அற்புதத்தைச் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு இலட்சம் என்றால் சின்னக் காசு இல்லை.

அவர் ஒரு பட்டியலும் கொடுத்தார். இருபதுக்கு மேற்பட்ட காரியங்கள், அதில் எதையாவது ஒன்றைச் செய்தால் போதும். தண்ணீரின் மேல் நடப்பது, உறையில் மூடிய காசுத் தாளின் இலக்கத்தை வாசிப்பது என்று போகும் அந்தப் பட்டியலில் இரண்டு விஷயங்கள் நமக்கு வேண்டியவை. ஒன்று, தண்ணீரைப் பெற்றோலாகவோ வைனாகவோ மாற்றுவது. இன்னொன்று, தெய்வ சக்தியால் ஒரு பொருளின் எடையைக் கூட்டுவது. அதாவது ராமர் பிள்ளையின் பெயரை யாரும் கேள்விப்படாத காலத்திலேயே, அந்த வித்தைக்கும் அதைப் பிடிக்கும் தராசுக்கும் கொழும்பில் இடம் ஒதுக்கியாகிவிட்டது. கோவூர் 1978இல் இறந்தார். பரிசை யாரும் வெல்லவில்லை.

கோவூரிடம் எனக்குப் பிடித்தது அவர் "இல்லை" என்று சொன்னது அல்ல, அதை யாரும் சொல்லலாம். "செய்து காட்டு, ஆனால் நான் சொல்கிற இடத்தில், நான் தருகிற சாமானில்" என்று சொன்னதுதான். விளையாட்டின் விதியே அங்கேதான் மாறுகிறது. வித்தைக்காரன் தன் மேசை, தன் துணி, தன் கோல் எல்லாவற்றையும் தானே கொண்டு வருவான். அவற்றை அவனிடமிருந்து வாங்கிவிட்டால் அவனிடம் பேச்சு மட்டும்தான் மிஞ்சும்.

சத்தத்தால் பிடிபட்ட இயந்திரம்

வெளிநாட்டில் இப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். 1812இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்ல்ஸ் ரெட்ஹெபர் என்பவர் ஒரு இயந்திரம் காட்டினார். எரிபொருள் கிடையாது, தண்ணீர் கிடையாது, தானாகவே சுழலும். பார்க்கக் காசு. பரிசோதிக்க வந்தவர்களை அவர் கிட்டே விடவில்லை, தள்ளி நின்று ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார். வந்தவர்களில் ஒருவரின் மகன், சின்னப் பையன், பற்சில்லுகள் தேய்ந்திருப்பது தப்பான பக்கம் என்று கவனித்தான். இயந்திரம் எதை ஓட்டுவதாகச் சொன்னார்களோ, உண்மையில் அதுதான் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தது.

பிறகு நியூயோர்க்கில் அவர் கடை விரித்தார். 1813இல் அதைப் பார்க்க வந்தவர்களில் நீராவிப் படகுக்குப் பேர் போன ரொபர்ட் புல்டனும் ஒருவர். இயந்திரத்தின் சத்தம் ஒரே சீராக இல்லாமல் ஏறி இறங்குவதை அவர் காதால் கண்டுபிடித்தார். கையால் சுழற்றும்போதுதான் அப்படிக் கேட்கும். பக்கத்துப் பலகைகளைப் பிடுங்கினார். சுவருக்குள் ஒரு நரம்புக் கயிறு போனது. அதைப் பின்தொடர்ந்து மேல்மாடிக்குப் போனால், அங்கே ஒரு தாடிக்காரக் கிழவர் பாண் துண்டைக் கடித்துக்கொண்டு பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தக் கிழவர் மறக்கவே மாட்டார். "எரிபொருளே இல்லாமல் ஓடும்" என்று சொன்ன இயந்திரத்தை உண்மையில் ஓட்டியது கண்ணில் படாத ஒரு கூலியாளின் கை. இலவச சக்தி என்று யாராவது சொன்னால், யாருடைய முதுகில் என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே பிலடெல்பியாவில் 1870களில் ஜோன் கீலி என்பவர் தண்ணீரிலிருந்து புது மாதிரியான ஒரு சக்தி எடுப்பதாகச் சொல்லிக் கம்பனியே தொடங்கினார். கால் நூற்றாண்டுக்கு மேல் முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கினார். 1898இல் அவர் இறந்த பிறகு ஆய்வுகூடத்தின் நிலவறையைத் தோண்டினால், அழுத்திய காற்றை நிரப்பக்கூடிய பிரமாண்டமான இரும்பு உருண்டை ஒன்று கிடைத்தது. சுவரிலும் தரையிலும் குழாய்கள். உயிரோடு இருந்தவரை யாரையும் அவர் தரையைத் தோண்ட விடவில்லை.

2012இல் பாகிஸ்தானில் ஒருவர் தண்ணீரில் கார் ஓட்டுவதாகத் தொலைக்காட்சியில் காட்டினார். அமைச்சர் ஒருவரே ஆதரவாகப் பேசினார். பேராசிரியர் பர்வேஸ் ஹூட்பாய் போன்றவர்கள் எதிர்த்துப் பேச வேண்டி வந்தது. அவர்களுடைய வாதம் எளிமையானது. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஐதரசன். அடுப்புச் சாம்பல் மாதிரி. சாம்பலைத் திரும்ப விறகாக்கலாம், ஆனால் அதற்கு அந்த விறகு எரிந்தபோது தந்த சக்தியையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும். மின்சாரம் கொடுத்துத் தண்ணீரைப் பிரித்து, அந்த வாயுவை எரித்து, அதிலேயே வண்டியும் ஓட்டி மின்சாரமும் எடுக்கலாம் என்பது வட்டிக்கு வாங்கிய காசில் வட்டியையும் கட்டி இலாபமும் பார்க்கிற கதை.

நம்பாததும் பிழைக்கும்

இந்த இடத்தில் ஒரு நியாயமான கோபம் வரும். "படிக்காதவன் எதையும் கண்டுபிடிக்கக் கூடாதா? ஊர்க்காரன் சொன்னால் மோசடி, வெள்ளைக்காரன் சொன்னால் விஞ்ஞானமா?" இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. ஏனென்றால் தண்ணீரிலிருந்து சக்தி எடுக்கலாம் என்று நம் மலைகளைப் பார்த்துச் சொன்ன இன்னொருவரையும் ஒரு காலத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டி. ஜே. விமலசுரேந்திர. 1874இல் காலியில் பிறந்த பொறியியலாளர், பொதுவேலைத் திணைக்களத்தில் வேலை செய்தவர். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா இரண்டும் மலையிலிருந்து விழும் விழுச்சியில் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று சொன்னவர். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூலில் ஒரு சிறிய நீர்மின் நிலையத்தைக் கட்டி நுவரெலியாவுக்கு வெளிச்சம் கொடுத்தும் காட்டினார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் தன் திட்டத்தைக் கட்டுரையாகப் படித்தார். 1920களில் வேலை தொடங்கி இடையில் நின்றது. 1931இல் அரசாங்க சபைக்குப் போய் அங்கேயும் அதற்காகப் பேசினார். லக்சபானவில் மின்சாரம் வந்தது 1950இல். கட்டுரை படித்து 32 வருஷம். மூன்று வருஷம் கழித்து அவர் இறந்துவிட்டார். இன்று நோர்ட்டன்பிரிஜில் இருக்கும் மின்நிலையத்துக்கு அவருடைய பெயர்.

ராமர் பிள்ளைக்கும் விமலசுரேந்திரவுக்கும் என்ன வித்தியாசம்? படிப்பு என்று சொன்னால் அது சோம்பேறித்தனமான பதில். டெல்லியில் ஏமாந்தவர்களும் படித்தவர்கள்தான், விமலசுரேந்திரவைக் காக்க வைத்தவர்களும் படித்தவர்கள்தான். வித்தியாசம் வேறு. விமலசுரேந்திர சொன்னதில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை. எவ்வளவு மழை, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம், மூன்றையும் யாரும் போய் அளக்கலாம். அவர் இல்லாத நேரத்திலும் அளக்கலாம். அவருக்கு எதிரி போய் அளந்தாலும் அதே விடைதான் வரும். அது மட்டுமில்லை, நம் தோட்டத் தொழிற்சாலைகள் பலவற்றில் அதற்கு முன்பே நீர்ச்சில்லுகள் கொழுந்து அரைக்கும் ரோலரைச் சுழற்றிக்கொண்டிருந்தன.

இன்னொன்றும் கவனியுங்கள். உண்மையான கூற்று தன் விலையையும் சொல்லும். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் இருக்கும் சக்தி கிட்டத்தட்ட 35 மெகாஜூல். அதே சக்தியை விழும் தண்ணீரிலிருந்து எடுக்க, 400 மீற்றர் உயரத்திலிருந்து சுமார் 9,000 லீற்றர் விழ வேண்டும். ஒரு பவுசர் நிறையத் தண்ணீர்! அதனால்தான் அணை கட்ட வேண்டியிருந்தது, பள்ளத்தாக்கை நிரப்ப வேண்டியிருந்தது, மஸ்கெலியா டவுன் தண்ணிக்குள் போக வேண்டியிருந்தது. தேயிலை நிலமும் போனது. நீர்மின்சாரம் உண்மை, ஆனால் இலவசமில்லை, அதன் விலையை யார் கட்டினார்கள் என்று நமக்குத் தெரியும். மூலிகைப் பெற்றோலில் அந்த விலைப் பகுதியே இல்லை. கைப்பிடி இலை, ஒரு பானைத் தண்ணி, வேலை முடிஞ்சது. விலை சொல்லாத சாமானை எந்தச் சந்தையிலும் சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆகவே அளக்காமல் நம்புவதும் பிழை, அளக்காமல் மறுப்பதும் பிழை. முதல் பிழையில் ஏழையின் காசு போனது. இரண்டாவதில் ஒரு நாட்டின் 32 வருஷம் போனது.

இப்ப நம்ம வீட்டுக்கு வருகிற பெட்டி

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு ஒரு புதுக்கதை. "மின்சாரம் மிச்சப்படுத்தும் பெட்டி" என்று ஒரு சின்னச் சாமான் இணையத்திலும் சந்தைகளிலும் விற்பனைக்கு வருகிறது. சுவரில் பிளக் பண்ணினால் பச்சை விளக்கு எரியும், பில் பாதியாகும் என்கிறார்கள். செய்தும் காட்டுகிறார்கள். ஒரு சின்ன மோட்டாரை ஓடவிட்டு அம்பியர் மீற்றரைக் காட்டுவார்கள். பெட்டியைப் பிளக் பண்ணியதும் அம்பியர் குறையும். கண் முன்னால் குறையும்!

இந்த வித்தையில் கோலும் இல்லை, மெழுகும் இல்லை. மீற்றர் காட்டுவதும் பொய் இல்லை. பெட்டிக்குள் இருப்பது ஒரு கொள்ளளவி, அதாவது கெப்பாசிற்றர். மோட்டார் மாதிரிச் சாமான்கள் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி வேலை எதுவும் செய்யாமல் சும்மா போய் வரும். அந்தப் போக்குவரத்தைக் கெப்பாசிற்றர் குறைக்கும், அதனால் அம்பியர் குறையும். ஆனால் நம் வீட்டு மீற்றர் அந்தச் சும்மா போய் வருவதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. அது எண்ணுவது அலகு, அதாவது உண்மையில் செலவான சக்தி. குறைந்தது ஒன்று, நாம் காசு கட்டுவது வேறொன்று. தப்பான தராசைக் கொண்டுவந்து சரியாக நிறுத்துக் காட்டுவது இது.

தராசு விஷயத்தில் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். தராசு ஒருவர் கையில், பேனா ஒருவர் கையில், முதுகில் சுமந்து வந்தவள் தள்ளி நிற்பாள். ஒரு கிலோ இங்கே அங்கே போனால் முழுப்பேர் அரைப்பேராகும். நிறுவை சரியா என்று கேட்பதற்கு எத்தனை தலைமுறை சண்டை பிடித்தார்கள்! முள்ளை நான் பார்க்க வேண்டும், கழிப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும், எழுதுவதை எனக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் அந்தச் சண்டை. ஆய்வுகூடத்தில் விஞ்ஞானி கேட்பதும் அதே மூன்றுதான். நம் அம்மாமார் மடுவத்தில் கேட்டதற்கும் கோவூர் கொழும்பில் கேட்டதற்கும் அடியில் ஒரே நியாயம் இருக்கிறது.

அதனால் சந்தேகப்படுவது படித்தவர்களின் திமிர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏமாற்றப்பட்டுப் பழகியவர்களுக்குத்தான் சந்தேகம் முதல் தேவை. வசதியானவன் மூலிகைப் பெற்றோலில் காசு போட்டுத் தோற்றால் இன்னொரு கார் வாங்க மாட்டான், அவ்வளவுதான். நாட்சம்பளக்காரர் அந்தப் பெட்டியை வாங்கித் தோற்றால் அந்த மாசம் வீட்டில் ஏதோ ஒன்று குறையும்.

அடுத்த தடவை யாராவது அதிசயம் காட்டினால் சிரிக்கவும் வேண்டாம், கை தட்டவும் வேண்டாம். நாலு கேள்வி கேளுங்கள். சாமான் யாருடையது, வேறு சாமானில் செய்வாரா? உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, யார் நிறுத்தது? அவர் இல்லாமல் இன்னொருவர் செய்தால் நடக்குமா? அளக்கிற கருவி, நாம் காசு கட்டுகிற அதே பொருளைத்தான் அளக்கிறதா? இந்த நாலையும் கேட்டபோது "இரகசியம், களவெடுத்துருவாங்க" என்று பதில் வந்தால், ரெட்ஹெபரின் மேல்மாடியை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டியை ஏற்கெனவே வாங்கியவர்கள் யாராவது இதை வாசித்தால், கோபப்படாமல் ஒரு வேலை செய்யலாம். ஒரே விளக்குகள், ஒரே ஃபேன் போட்டு, ஒரு மணித்தியாலம் பெட்டியோடும் ஒரு மணித்தியாலம் பெட்டி இல்லாமலும் ஓடவிட்டு, வாசலில் இருக்கிற மின்சார மீற்றரைப் பாருங்கள். அந்தத் தராசு நம்ம கையில்தான் இருக்கு. இலக்கத்தைக் கொப்பியில் எழுதிவைத்து, பக்கத்து லயத்து ஆட்களுக்கும் காட்டுங்கள்.